வீட்டுக்கு வரும் இணைய இழையும் அதன் பராமரிப்பும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி இத்தகைய முகாம்களில் பன்முறை பேசியிருக்கிறோம். இன்று தலைமயிரளவே பருமனுள்ள ஒரு கண்ணாடி இழையைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

கிராமப் பஞ்சாயத்துகளை இழைவழியே இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசின் டான்பிநெட் நிறுவனம் ஏற்றது. திட்டத்தில் கணக்கிடப்பட்ட 12,525 பஞ்சாயத்துகளுள் பெரம்பலூர் மாவட்டத்தின் 121 பஞ்சாயத்துகளும் அரியலூர் மாவட்டத்தின் 201 பஞ்சாயத்துகளும் அடங்கும். இழையில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும், 15 சதவீதம் தரை வழியாகவும் செல்லும் என அறிவிக்கப்பட்டது.

இழை வந்துவிட்டது; அதைக் காப்பவர் யார்?

ஒரு பஞ்சாயத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மக்காச்சோளத்திற்குப் பயிர்க் காப்பீடு பதியக் கடைசி நாள். இணையம் வேலை செய்யவில்லை. சிட்டாவையும் அடங்கலையும் கையில் வைத்துக்கொண்டு இருபது பேருக்குமேல் பேருந்து ஏறி நகரத்திற்குச் சென்றனர். சிலருக்கு அன்று முறை வரவேயில்லை. மறுநாள் சேவை மைய அறையைத் திறந்து பார்த்தோம். இழைக்கு எவ்விதச் சேதமும் இல்லை. யாரோ கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்காக யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். பல மைல் தூரம் பழுதின்றி வந்த இணைப்பு, கடைசி மூன்றடியில் நின்றுபோயிற்று.

அந்த அறையிலுள்ள கருவிகள் நிறுவனத்தைச் சேர்ந்தவையாயினும், அறையின் சாவியும் மின்சாரமும் பாதுகாப்பும் பஞ்சாயத்தின் பொறுப்பு. அவ்வறையை மூட்டை அடுக்கும் கிடங்காக்கிவிடக் கூடாது.

வழியிலும் நம் கையாலேயே சேதம் நேருகிறது. குடிநீர்க் குழாய் பதிக்க ஜே.சி.பி. இயந்திரத்தை அழைக்கிறோம், இழை எவ்விடத்தில் புதைந்திருக்கிறது என்று கேட்பதில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் செல்லும் சாலைகளில் தாழ்ந்து தொங்கும் கேபிளைக் கண்டவுடன் தகவல் தர வேண்டும். அறுந்த பிறகு தருவதில் பயன் குறைவு. திருட்டும் உண்டு. முன்னாள் தொலைபேசிக் கேபிளில் செம்பு இருந்தது. இதிலோ செம்பே இல்லை. திருடியவனுக்குக் காலணாவும் பெறாது, ஆனால் ஊர் முழுதும் இருளும். இதை ஊரில் எல்லோரும் அறியும்படி சொல்லுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் இழை, வீட்டுச் சுவரிலுள்ள சிறு பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து மோடத்திற்கு ஒரு மெல்லிய இணைப்பு செல்கிறது. செம்புக் கம்பி அறுந்தால் முறுக்கிக் கட்டினோம். கண்ணாடி இழையை அவ்வாறு கட்ட முடியாது. அதற்கென உள்ள இயந்திரத்தால் உருக்கி ஒட்ட வேண்டும். கூர்மையாக மடித்தாலும் ஒளி கசிந்துவிடும். ஆகவே ஆணியடித்து மூலையில் மடக்காமல், வளையலளவு வட்டமாகத் திருப்புங்கள். அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துக் குழந்தைகள் பார்க்க இடந்தராதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

இணையம் நின்றால் முதலில் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று ஆங்கிலத்தில் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டு இழை மடிந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகார் செய்யலாம். அது எரியாவிடில் பழுது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். நமது சொந்த வீட்டிலேயே மூன்று நாள் சேவையாளரைக் கடிந்துகொண்டோம். இறுதியில் மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் எலி கடித்திருந்தது தெரிந்தது. அவரிடம் வருத்தம் தெரிவித்துக் கொண்டோம்.

இடியின்போது இழைவழியே மின்சாரம் வாராது. மோடத்தின் மின்னிணைப்பு வழியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழங்கினால் பிளக்கை எடுத்துவிடுவது நல்லது.

மாதந்தோறும் சிறுதொகை பெற்று வீட்டு இணைப்பைப் பராமரிப்பதாகச் சிலர் கூறக்கூடும். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டில் வீட்டு உட்கம்பியின் பராமரிப்பு, அரசு நிர்ணயித்த கட்டணத்திலிருந்து விலக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பெனிகள் அதற்கெனத் தனி மாதச் சந்தா பெற்றன. சுவருக்குள் அசையாதிருக்கும் கம்பி எளிதில் கெடுவதில்லை. சிறு வீட்டுக்கு இத்தகைய சந்தா அவசியமில்லை என்பதே நம் கருத்து. அப்படியும் சேர விரும்பினால், எலி கடித்தால் மாற்றித் தருவார்களா, இடியில் கருகிய மோடம் அடங்குமா, ஆள் வந்து போகத் தனிக் கூலி உண்டா, எத்தனை நாளில் வருவார்கள் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பள்ளிக்கும் சேவை மையத்திற்கும் மட்டும் ஆண்டுப் பராமரிப்பு ஏற்பாடு பொருத்தமே. அங்கே ஒரு நாள் நின்றால் ஊரே நிற்கும்.

வரும் கிராம சபையில் மூன்று விவரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்: அறைச் சாவி யாரிடம், புகார் எண் எது, இழை புதைந்த வழி எது.

கூட்டம் முடிந்தபின் இந்த மேசைக்கு வாருங்கள். ஒரு பழைய மோடமும் இரண்டு முழம் இழையும் வைத்திருக்கிறோம். மடக்கிப் பார்க்கலாம், ஒடிந்தாலும் பாதகமில்லை, அது கழித்துப்போட்ட இழைதான்.