வெள்ளைக்கு வழி வகுத்தல்

(கலகெதர இளைஞர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



சதுரங்கத்தில் வெள்ளைக் காய் பெற்றவருக்கு முதலில் நகர்த்தும் உரிமை உண்டு. ஆயினும் அவ்வுரிமை ஒன்றினாலே வெற்றி வந்துவிடாது. எதிரி எந்தக் காப்பை மேற்கொள்வார், நாம் எவ்வழியிற் செல்வோம் என்பதை வீட்டிலேயே ஆராய்ந்து வரவேண்டும். இன்று பிரெஞ்சுத் தற்காப்பை உதாரணமாகக் கொள்வோம். 1834இல் தொடங்கிய இலண்டன்–பாரிஸ் கடிதமூலப் போட்டியிற் பாரிஸ் நகரத்தார் இதனைக் கையாண்டு வென்றமையால் இப்பெயர் ஏற்பட்டது.

வெள்ளை தன் அரசன் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும். கறுப்போ தன் அரசன் காலாளை ஒரு கட்டமே நகர்த்தும். அடுத்து இருவரும் அரசி முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துவர். இப்போது வெள்ளையின் முதற் காலாள் தாக்குதலுக்கு உள்ளாகின்றது. அதனைக் குதிரையாற் காக்கலாம். எதிர்க்காலாளை வெட்டி மாற்றிக்கொள்ளலாம். அல்லது முன்னே தள்ளலாம்.

தள்ளினால் நமக்கு இடம் பெருகும். கறுப்பின் அரசிப் பக்க மந்திரியும் தன் காலாளுக்குப் பின்னே அடைபட்டுக் கிடக்கும். ஆனால் கறுப்பு உடனே பக்கத்திலிருந்து நமது காலாள் வரிசையின் அடியை இடிக்கத் தொடங்கும்.

இதனை விளங்கிக்கொள்ள நமது ஊர்ச் சரித்திரமே போதும். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலப் படை இந்தக் கலகெதர வழியாகவே கண்டிக்கு ஏறியது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரை விட்டு விலகியிருந்தான். வெறுமையான நகரம் எளிதிற் கைக்கு வந்தது. ஆனால் அங்கே விட்டுச்சென்ற படை நோயினாலும் முற்றுகையினாலும் நலிந்து, ஜூன் மாதத்தில் அழிந்தது. இடத்தைப் பிடிப்பது வேறு. பிடித்த இடத்துக்குத் துணை அனுப்புவது வேறு. முன்னே தள்ளிய காலாளுக்கும் இதுவே விதி.

2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், சென்னை இளைஞர் குகேஷ் இப்பாடத்தைக் கண்முன்னே காட்டினார். முதல் ஆட்டத்திலேயே டிங் லிரென் பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்தார். குகேஷ் குதிரையை வெளியே கொணர்ந்து, பின்பு காலாளை முன்னே தள்ளினார். லிரெனோ தமது ஓரக் காலாளை மூன்று முறை நகர்த்தி வெள்ளையின் அரசிப் பக்கத்தைக் குலைத்தார். குகேஷ் தோற்றார்.

அதனால் அவர் தமது முதல் நகர்வை அஞ்சிக் கைவிட்டாரா? இல்லை. ஐந்தாம் ஆட்டத்தில் மீண்டும் அதே தற்காப்பு வந்தபோது, காலாள்களை வெட்டி மாற்றும் வழியிற் சென்று சமன் செய்தார். பதின்மூன்றாம் ஆட்டத்தில் தோற்ற வழிக்கே திரும்பி, ஆறாவது நகர்விற் குதிரைக்கு வேறிடம் வகுத்து, எதிரியை நெடுநேரம் நெருக்கினார். அதுவும் சமனாயிற்று. டிசெம்பர் 12இல், பதினான்காம் ஆட்டத்தை வென்று, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கிற் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18.

இளைஞர்களே, ஒரு தற்காப்புக்கு ஒரு பிரதான வழியையும் ஒரு மாற்று வழியையும் தெரிந்துகொள்வோம். நகர்வுகளை மனனம் செய்வதோடு நில்லாது, ஒவ்வொன்றும் எதற்காக என்று கேட்போம். எதிரி ஏட்டில் இல்லாத நகர்வு செய்யும்போது மனனம் கைவிட்டுவிடும். காரணம் அறிந்தவனுக்கு அப்போதும் வழி தோன்றும். தோற்ற ஆட்டத்தைக் கொப்பியில் எழுதி, எந்த இடத்திற் பிசகியது என்று நண்பரோடு இருந்து ஆராய்வோம். பிசகிய இடத்தை மாத்திரம் திருத்துவோம். வழி முழுவதையும் வெறுத்துத் தள்ளவேண்டாம்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் ஒரு மணி நேரம் பலகையின் முன் அமரும் பிள்ளையை வீண்பொழுது போக்குபவன் என்று கடியாதீர்கள். முன்னாயத்தம் என்னும் நற்பழக்கத்தை அவன் அங்கே பயில்கின்றான்.