வேலை மாறினா வீடு மாறலாம். பிள்ளையோட படிப்பு நிக்கக் கூடாது!

(பாரூர் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போச்சம்பள்ளி சிப்காட், ஓசூர் கம்பெனிகளை நம்பி வெளியூர்ல இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. வாடகை வீடு எப்படியோ கிடைச்சிடுது. ஆனா ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஸ்பீச் தெரபி எங்க, சிறப்பாசிரியர் எங்கன்னு பெத்தவங்க அலையுறாங்க. பழகின டீச்சரும் பழகின நேரமும் மாறினா, அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உங்க உரிமையைத் தெரிஞ்சுக்குங்க:

✅ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ பாகுபாடு காட்டக் கூடாது.

✅ 8-ம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

✅ வட்டார வள மையத்துக்குப் போய் சிறப்பாசிரியரைக் கேளுங்க. இது சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் சேவை.

✅ யு.டி.ஐ.டி. அட்டை கர்நாடகாவில் எடுத்திருந்தாலும் இங்கே செல்லும். முகவரியை மட்டும் மாத்திக்குங்க.

✅ கிளம்பும் முன் பழைய தெரபி ரிப்போர்ட்டுகளை நகல் எடுத்துக்குங்க. புது டீச்சர் முதல்ல இருந்து தொடங்க வேண்டியதில்லை.

சிப்காட்டுக்கு நிலம், ரோடு, கரண்ட் எல்லாம் முன்கூட்டியே திட்டம் போடுறோம். அங்க உழைக்கிறவங்க பிள்ளைக்கு, தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் தெரபிஸ்ட்டோட ஒரு அறை ஏன் அந்தத் திட்டத்துல இல்லை? இதுதான் நம்ம கோரிக்கை!

அலையுற குடும்பம் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. கூட வர்றோம். 🙏