கீ பிடிப்பதில்லை, கூம்புதான் பிடிக்கிறது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் கரண்ட் போன இரவில் நம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரின் கயிற்றை வாட்ச்மேன் அண்ணன் இழுத்தார். அது திருப்பி வெடுக்கென்று உதைத்ததில் அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. "மிஷின் பழசு, தூக்கிப் போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். கழற்றிப் பார்த்தேன். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியாக சர்வீஸ் செய்தவர் ஃப்ளைவீலைச் சரியாக மாட்டவில்லை, அவ்வளவுதான்.

ஃப்ளைவீலைப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன கீ என்றுதான் பலரும் நினைக்கிறோம். கிராங்க் ஷாஃப்டின் நுனி கூம்பாக இருக்கும். ஃப்ளைவீலின் துளையும் அதே கூம்பு. நட்டை இறுக்கும்போது இரண்டும் கவ்விக்கொள்ளும். பிடி முழுக்க அங்கேதான். கீ, ஃப்ளைவீல் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுகிறது; ஃப்ளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் அதனால்தான் சரியாக அமைகிறது. கவ்வல் தளர்ந்தால் கீ நசுங்கும் அல்லது அறுபடும். ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்தாலே போதும், தீப்பொறி முன்னதாக விழுந்து கயிறு உதைக்கும். பிந்தி விழுந்தால் ஸ்டார்ட்டே ஆகாது.

நம் மிஷினில் அந்தக் கூம்பில் கிரீஸ் தடவியிருந்தார்கள்! துருப்பிடிக்கக் கூடாதென்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

அடுத்த முறை சர்வீஸ் நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் பிளக் கேப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு கூம்புகளையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட வேண்டும். கீயின் ஓரத்தில் வெட்டு தெரிந்தால், அந்த மாடலுக்கான புதுசுதான் போட வேண்டும். ஆணியை வெட்டிச் செருகுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃப்ளைவீலின் விசிறி இதழ்களுக்கிடையே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துப் பிடித்தால் இதழ் உடையும். பட்டை ரெஞ்சால் பிடிக்கட்டும். நட்டை எவ்வளவு இறுக்குவது? கை சொல்வதை நம்பாதீர்கள். மேனுவலில் எண் இருக்கிறது, டார்க் ரெஞ்ச் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் தர இந்த மாதிரி ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் தளர்ந்த ஃப்ளைவீலுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

இந்த முறை அப்படித்தான் மாட்டினோம். மேனுவல் சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் என் வீட்டில். கேட்டால் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாட்ச்மேன் அண்ணன் கட்டைப் பிரித்துவிட்டார். ஆனால் கயிற்றை இன்னும் இடது கையால்தான் இழுக்கிறார்.