சாக்கடைதானே சார்!

காலையில் பால் பாக்கெட் வாங்கப் போன நான் வயிறெரிந்து திரும்பி வந்தேன். அதனால்தான் இந்த மைக்.

மணி ஐந்தரை இருக்கும். மாம்பலம் கால்வாய் ஓரமாக ஒரு குட்டி யானை ரிவர்ஸில் வந்து நின்றது. பின்கதவை இறக்கி மண்வெட்டியால் தள்ளுகிறார்கள். செங்கல், மொசைக் துண்டு, கடைசியாக ரோஸ் கலரில் ஒரு வாஷ்பேசின். குழாயைக்கூடக் கழற்றவில்லை! "என்ன தம்பி இது?" என்றேன். "சாக்கடைதானே சார்!" என்றார்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. ட்ரிப் கூலிக்கு ஓட்டுகிறவர். அவருக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்த நம்மேல்தான் கோபம். அது சாக்கடை இல்லை அய்யா, கால்வாய்! வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகரைத் தாண்டி, நந்தனத்தில் அடையாற்றைத் தொடுகிற மழைநீர்க் கால்வாய். ஏரியைத் தின்றவர்கள் மிச்சம் வைத்த எலும்பு. 1920களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரே வந்தது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடம்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, போய் நின்று பாருங்கள். லேக்கும் இல்லை, வியூவும் இல்லை.

நம்ம கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு மழை பெய்ய வைப்பார்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் வரும், டைரக்டர் 'கட்' என்றால் நின்றுவிடும். நிஜ மழைக்கு யார் கட் சொல்வது? 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே! கால்வாயில் கட்டிடக் கழிவு அடைத்துக் கிடந்ததாக அப்போது பத்திரிகைகளே எழுதின.

ஏன் நின்றது என்று கேட்டால் சில மேதைகள் சொல்கிறார்கள்: மேகம் வெடித்ததாம், கடல் பொங்கியதாம், பூமி சூடானதாம், அவர்கள் வீட்டு வாஷ்பேசின் மட்டும் பச்சைக் குழந்தையாம்! பூமி சூடாகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். சூடான வானம் ஒரே ராத்திரியில் கொட்டுகிற தண்ணீர் எந்த வழியாகப் போகும்? உன் பாத்ரூம் ஓட்டை வழியாகவா?

கட்டிடக் கழிவுக்கு 2016லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மறுசுழற்சி ஆலை இருக்கிறது. பெருங்குடி வரை போனால் டீசல் செலவாம். ஃபிளாட்டுக்கு இத்தாலி மார்பிள் போட்டவருக்கு டீசல் கணக்கு! கால்வாய் என்று சொன்னால் கை கூசும். சாக்கடை என்று சொல்லிவிட்டால் எதையும் கொட்டலாம். என் வீட்டிலேயே என் பேரன் அப்படித்தான் சொல்கிறான். நேற்றுவரை நானும் திருத்தியதில்லை.

அந்த வாஷ்பேசின் எந்த ஃபிளாட்டிலிருந்து வந்தது என்று டிரைவர் தம்பி சொல்லிவிட்டார். மேடையில் பேர் சொல்ல மாட்டேன். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வாஷ்பேசினைத் தூக்கிக் கழுவி, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு சீர்வரிசைத் தட்டில் வைத்து அந்த வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறோம். நாதஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று. எனக்கு இடுப்பு வலி. தூக்க இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்!