நிவாரணப் பையில் ஒரு விசில்

உயிர் தப்ப ஓடும் வழியிலேயே பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது? வலி நேரம் காலம் பார்ப்பதில்லையே!

2017 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, சில மாதங்களுக்குள் சுமார் 7 லட்சம் ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் ஏராளம்.

இப்படிப்பட்ட நெருக்கடிகளில், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஒரு சின்னப் பை தருகிறது. உள்ளே சோப்பு, கையுறை, விரிக்க பிளாஸ்டிக் ஷீட், தொப்புள்கொடியை அறுக்கப் புது பிளேடு, கட்ட நூல். ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் தாயையும் பிள்ளையையும் கிருமியிடமிருந்து காப்பது இவைதான்.

மற்ற பெண்களுக்கு இன்னொரு பை. நாப்கின், உள்ளாடை, சோப்பு. பல இடங்களில் டார்ச்சும் விசிலும்கூட. விசில் எதற்கு? முகாமில் கழிப்பறை தள்ளி இருக்கும். இருட்டில் எவனாவது வம்பு செய்தால், ஊதினதும் நாலு பேர் ஓடி வருவார்கள்.

பை மட்டும் போதாது, மருத்துவமும் வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதனால்தான் இந்த மருத்துவச் சேவை நெருக்கடியின் முதல் நாளிலிருந்தே தேவைப்படுகிறது.

அடுத்த முறை வெள்ள நிவாரணத்துக்கு அரிசி, போர்வை அனுப்பும்போது, நாப்கினும் ஒரு டார்ச்சும் சேர்த்து அனுப்புங்கள்!