தண்ணீர் போகும், உப்பு போகாது



திருப்பூர் சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு தலைகீழ்ப் பாடம். பனியன் துணியில் அடர்ந்த நிறம் ஏற வேண்டுமென்றால் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று சால்ட் போட வேண்டும். சால்ட் இருந்தால்தான் சாயம் தண்ணீரை விட்டுவிட்டு நூலைப் பிடிக்கும். கடல் தண்ணீரில் இருக்கிற உப்போ லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். கடலைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய நம் ஊரில், கடலைப் போல இருமடங்கு கரிப்பான தண்ணீரைத் தினமும் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி ஒரு லேப்பில்தான் நான் பல வருடம் இருந்தேன். இன்று என் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு ஜோடி இறால், கொஞ்சம் கல். அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே: "பவளம் எங்கேங்க?" அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஆனால் தண்ணீரைச் சொல்லாமல் பவளத்தைச் சொல்ல முடியாது.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் வைத்தால் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று ஏறும். அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கலக்கக் கூடாது. அதில் ஏற்கெனவே என்ன கரைந்திருக்கிறது என்று தெரியாது. தாமிரம் துளி அளவு இருந்தாலே இறால் பிழைக்காது. மீனுக்குக் கொடுக்கிற சில மருந்துகளிலும் தாமிரம் இருக்கிறது. மீனைக் காப்பாற்றப் போய் இறாலைக் கொன்றவர்கள் நிறையப் பேர். ஆகவே முதலில் ஆர்.ஓ. தண்ணீர், மீட்டர் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அப்புறம்தான் உப்பு.

உப்பு என்றால் சமையல் உப்பும் ஆகாது, பட்டறைச் சால்ட்டும் ஆகாது. கடலின் உப்பில் பெரும்பகுதி நாம் சோற்றில் போடுகிற அதே உப்புதான். மீதியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் போல, கால்சியம் 400 மில்லிகிராம் போல. பவளப்பூச்சி தன் வீட்டைக் கட்டுவது அந்தக் கால்சியத்தை எடுத்துத்தான். இறால் தோடு கெட்டிப்படுவதும் அதைக் கொண்டுதான். மீன் தொட்டிக்கென்றே இவற்றைச் சேர்த்துத் தயாரித்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. 200 லிட்டருக்கு 7 கிலோ வேண்டும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் என் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குறைகிறது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றுவதுதான் புதிதாக வருகிற அத்தனை பேரும் செய்கிற தவறு. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், 15 லிட்டர் குறைந்திருந்தால், 35 கிராமாக இருந்த உப்பு 38 கிராமை நெருங்கியிருக்கும். அதன்மேல் உப்புத் தண்ணீரையும் ஊற்றினால் அந்தக் கூடுதல் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்.

தண்ணீர் போகும், உப்பு போகாது. இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அணையே தேவைப்பட்டது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. தேங்கியது சாயக் கழிவு. அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னார்கள். மண்ணில் இறங்கியது, கிணற்றில் ஏறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊர் நின்றுபோனதை நான் பார்த்தவன். ஷிப்டு முடிந்து வருகிற கூட்டம் இல்லாத சாலையை என்னால் மறக்க முடியாது. அதற்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரை மீட்கிறோம். ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறோம். அதனால் ஒரு கடல்நீர்த் தொட்டியின் அடிப்படைப் பாடத்தை திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கிற பழைய தண்ணீரை மட்டும் செடிக்கோ தோட்டத்து மண்ணுக்கோ ஊற்றாதீர்கள். இருபது லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கிறது.

தண்ணீர் கலந்தாயிற்று என்றதும் மீனை விட்டுவிடக் கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். பொறுக்காதவர்கள் மீனை இழப்பார்கள்.

இப்போது என் இறால்களைப் பற்றி. சிவப்பு உடம்பு, முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. துப்புரவு இறால் என்று சொல்வோம். கல்லின் ஒரு விளிம்பில் உட்கார்ந்துகொண்டு மீசையை ஆட்டும். மீன் வந்து பக்கத்தில் அசையாமல் நிற்கும். இறால் ஏறி, செவுள் ஓரத்தையும் துடுப்பு மடிப்பையும் சின்னக் கால்களால் துழாவி, ஒட்டியிருக்கிற அழுக்கையும் ஒட்டுண்ணியையும் எடுத்துத் தின்னும். கடலில் பெரிய மீன் வாயைத் திறந்து நிற்க, இறால் வாய்க்குள்ளேயே போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும். என் கையைத் தொட்டிக்குள் விட்டால் நகக்கண்ணைச் சுத்தம் செய்ய வந்துவிடுகிறது. உடம்பில் குறுகுறுவென்று ஏறுகிற அந்த உணர்வைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒரு நாள் காலையில் என் மகள் ஓடிவந்தாள். "அப்பா, எறாலு செத்துப்போச்சுங்க." போய்ப் பார்த்தால் மணலில் ஒரு இறால் மல்லாந்து கிடக்கிறது. மீசை, கால், கண் எல்லாம் அப்படியே. கையில் எடுத்தால் கனமே இல்லை, உள்ளே ஒன்றுமில்லை. தோடு கழற்றிப் போட்டிருக்கிறது. கல்லிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம். புதுத் தோடு கெட்டிப்படும்வரை வெளியே வர பயந்து, உள்ளே ஒண்டி நின்றது. உடம்பு மெத்தென்று இருக்கிற அந்த ஓரிரு நாளில் அதை யார் வேண்டுமானாலும் தின்றுவிடலாம். அதனால் தோடு கழற்றிய அன்று தொட்டிக்குள் கை விடாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள்.

கோமாளி மீன் இன்னொரு அதிசயம். குஞ்சாக இருக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும். பெண் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும். கல்லின் மேல் முட்டையிட்டால் ஒரு வாரம் போல ஆண்தான் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக் காக்கும்.

சரி, பவளத்துக்கு வருகிறேன்.

பார்வைக்குப் பவளம் கல். உண்மையில் அது உயிருள்ள பூச்சிகளின் குடியிருப்பு. ஈழத்துத் தமிழில் முருகைக்கல் என்று அழகாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பூச்சியின் தசைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்த உணவில் பெரும்பங்கைப் பூச்சிக்குக் கொடுக்கிறது. பூச்சி பாசிக்கு இடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி அந்தப் பாசியின் நிறம். தண்ணீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினியில் சாகும்.

நண்பர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். யாரிடமோ வாங்கி வந்த பவளத் துண்டு, உள்ளங்கை அகலம். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய விரல்கள் போல நீண்டு ஆடும். நான் அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு மே மாதம் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் பழுதாகி நின்றது. வெளியே 39 டிகிரி. ஆள் வந்து சரிசெய்ய ஐந்து நாள். ஐந்தாம் நாள் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து அதன்மேல் பச்சைப் பாசி படர ஆரம்பித்தது. உருண்டையாக வளர்கிற பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போலத்தான் வளரும். அந்த உள்ளங்கை அகலம் எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே வெளுப்பு மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் பெரும்பரப்பில் நடந்தது. 2016க்கு முன் கடலடியில் 39 சதவீதம் போல இருந்த உயிருள்ள பவளம் அதன்பின் 23 சதவீதமாகக் குறைந்ததாக அங்கே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வருடக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போனதும் தீவு கரைந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் அந்த வெட்டு ஓய்ந்தது. தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002இலிருந்து உடைந்த பவளத் துண்டுகளை எடுத்துக் கடலுக்குள்ளேயே நட்டு வளர்த்து வருகிறது. ஒரு பக்கம் கை கையாக நடுகிறார்கள். இன்னொரு பக்கம் நாம் தொட்டிக்கென்று உடைத்து எடுத்தால் அது அடுக்குமா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாறை கட்டுகிற எல்லாப் பவளமும், கருப்புப் பவளமும், கடல் விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரைக்கும் அந்த வருடமே பாதுகாப்பு வந்துவிட்டது. மீறினால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. "சின்னத் துண்டுதாங்க, கடையிலேயே கொடுக்கறாங்க" என்பது பதிலாகாது. கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல் என்று விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். அதில் பவளப்பூச்சி ஒட்டியிருக்கும். பவளம் அல்லாத காய்ந்த கல்லோ பீங்கான் வளையமோ போதும். பாக்டீரியாவுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்படியானால் மீனும் இறாலும் மட்டும் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். கடையில் கேளுங்கள்: இது பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா? உலகம் முழுக்க விற்கிற கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவைதான். சில நாடுகளில் சயனைடு தூவி மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். மீன் மயங்கும், பக்கத்துப் பவளம் சாகும். ஆனால் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கிற தொழில்நுட்பம் நம்மிடமே இருக்கிறது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தியில் தீவுப் பெண்களே அலங்கார இறால் வளர்த்து வருமானம் பார்க்கிறார்கள். பண்ணையில் பொரித்த மீன் தொட்டிக்கே பழகியது. கொடுத்த தீனியைத் தின்னும். கடலில் பிடித்ததைவிட எளிதாக நிலைக்கும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

நம் ஊரில் தொட்டி வைப்பவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. ஒன்று வெயில். மீனும் இறாலும் 26 டிகிரியை விரும்பும். மேல்பரப்பில் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் கூடுதலாக ஆவியாகும், நல்ல தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. இரண்டு கரண்ட். பம்பு நின்றால் காற்று இல்லை. பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டார் ஒன்றை வாங்கித் தொட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். அதோடு, தொட்டி வேண்டாம் என்று தோன்றும்போது மீனைக் கொண்டுபோய்க் குளத்திலோ கடலிலோ விடாதீர்கள். வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பவளத்தைப் பார்க்க ஆசையா? எனக்கும் ஆசைதான். போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு பாம்பன் போனேன். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. கடல் அமைதியாக இருக்கிற நாளில் கரையோரத்துத் தெளிந்த நீரில் அடித்தரை தெரிகிறது. கிளம்புவதற்கு முன் படகு ஓடுகிறதா என்று வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். கரையில் கிடக்கிற செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அதுவும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது.