வீடு மாறும் மென்பொருள்



வீடு மாறும்போது, பழைய வீட்டு அலமாரி புதிய வீட்டு வாசலில் நுழையாமல் நிற்பதுண்டு. அலமாரியிலும் குற்றமில்லை, வாசலிலும் குற்றமில்லை. அளவுதான் ஒத்து வரவில்லை. லினக்ஸில் நன்றாக ஓடிய மென்பொருளை விண்டோஸுக்குக் கொண்டு செல்லும்போதும் இதுவே நடக்கிறது. நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர், திரை நிறையப் பிழைகளைக் கொட்டுகிறது. தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர் மலைத்துப் போகிறார்.

மலைக்கத் தேவையில்லை. முதல் பிழையை மட்டும் படித்தால் போதும். ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்றால், அதில் அறிவிக்கப்பட்ட பெயர்கள் வரும் இடமெல்லாம் புதுப் பிழை முளைக்கும். முதலாவதைத் திருத்திவிட்டு மீண்டும் கம்பைல் செய்தால், பல பிழைகள் தாமாகவே மறைந்துவிடும்.

அந்த முதல் பிழைக்குக் காரணங்கள் சிலவே. 'யுனிஸ்டிடி.எச்' என்ற கோப்பு யுனிக்ஸ் குடும்பத்துக்கு உரியது. மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி கம்பைலரோடு அது வருவதில்லை. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்களை வேறொரு சங்கடம் வரவேற்கும். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸோ ஓரெழுத்து மாறினாலும் 'கோப்பு இல்லை' என்று சொல்லிவிடும். கம்பைலர் முடிந்து, கடைசியில் லிங்கர் குறை சொன்னால், தேவையான நூலகம் இணைக்கப்படவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் கம்பைலர் வாய்விட்டுச் சொல்லும் குறைகள். அது அடக்கமாகச் சொல்லும் எச்சரிக்கைகளில்தான் ஆபத்து அதிகம். சி மொழியின் 'லாங்' என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். லினக்ஸில் அதற்குள் அடங்கிய பெரிய எண், விண்டோஸில் அடங்காது. கம்பைலர் எச்சரிக்கை தந்தாலும் பலர் அதன் வாயை மூடிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள்.

அடங்காத எண் என்ன செய்யும்? 1996 ஜூன் 4ஆம் நாள், பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் திசையறி கருவியில் ஏரியன் 4க்காக எழுதிய மென்பொருள் இருந்தது. இது இயங்குதள மாற்றமல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அதையொட்டிய 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கும்போது இடம் போதவில்லை. கருவி நின்றது. துணைக் கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. புறப்பட்ட நாற்பது விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. பிழை செய்த பகுதி, ஏரியன் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று என்பதுதான் வேதனை.

ஆகவே, மென்பொருளை இடம் மாற்றுகிறவர்கள் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கி வைக்கட்டும். அளவு மாறாத எண் வகைகளைப் பயன்படுத்தட்டும். பிழையில்லை என்று கம்பைலர் சொன்ன பிறகும், புதிய தளத்தில் புதிய அளவுகளோடு சோதித்துப் பார்க்கட்டும்.